தவநேசனின் பெயரில்

பல்லேகல ஆடைத் தொழிற்சாலையின் கணினி அறைக்கு மேலே மழை தகரக் கூரையைப் போட்டு அடிக்கிறது. சுகந்தினி நிரலின் கடைசி வரியை எழுதி முடிக்கிறாள். தினமும் காலையில் ஆள் கை படாமல் தானாகவே தரவுத்தளத்துக்குள் போய், முதல்நாள் தைத்த உடுப்புகளின் கணக்கை எடுத்துவர வேண்டிய நிரல். தொடங்கியவன் தவநேசன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் இராணுவத்தினர் பஸ்ஸை மறித்து, விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று அவனை இறக்கிக்கொண்டு போய் மூன்று மாதம் ஆகப்போகிறது. இன்னும் விடவில்லை. அவனுடைய கதிரையின் முதுகில் குடை தொங்குகிறது. அவனுடைய வெறுமையான மேசையில் பக்கத்து மேசை ரிஸ்வி நானாவின் தேத்தண்ணிக் கோப்பை ஆவி பறக்க இருக்கிறது. அந்த மேசை இப்போது அதற்குத்தான்.

நிரலின் தொடக்கத்தில், தரவுத்தளம் கேட்கும் பெயரும் கடவுச்சொல்லும் உள்ள இடத்தில், அவன் எழுதியபடியே அவன் பெயர் நிற்கிறது. ரிஸ்வி நானா எட்டிப் பார்க்கிறார். “அவர்ட பேரு ஏன்? ஒங்கட பேரப் போடுங்களே.” சுகந்தினி திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. “வேண்டாம் நானா. மூண்டு மாதம் உள்ளுக்குப் போகாட்டி அந்தப் பேரை சிஸ்டம் தானா அழிச்சுப்போடும். இது ஓடினா ஒவ்வொரு நாளும் அவர் வந்துபோன மாதிரி.” விசையை அழுத்துகிறாள். கறுத்த திரையில் வெள்ளை எழுத்துகள் சற்றுத் தயங்கி நின்று, பிறகு மளமளவென்று இறங்குகின்றன. தரவுத்தளத்தின் உள்ளே இருப்பவர்களின் வரிசையில் கடைசியாகத் தவநேசன் என்று விழுகிறது.

ரிஸ்வி நானா எழும்பிப் போய், அந்த மேசையிலிருந்த தன் கோப்பையை எடுத்துக்கொண்டு, அது பதித்த ஈர வளையத்தைக் கையால் துடைத்துவிடுகிறார்.