திறக்காத மூடி

“ஆறு மணி நேரம் இந்தப் புகைப்பெட்டி மூடியத் தொட மாட்டேன். தொட்டா, இனி சமையல்கட்டுப் பக்கமே வரல” என்றார் ஓய்வுபெற்ற தபால்காரர். பால் காய்வதற்குள் பத்துத் தடவை எட்டிப் பார்க்கிற மனிதர்.

“ஆறு நிமிஷம் தாண்டுங்க, பாப்போம்” என்றாள் மனைவி.

தோட்டத்தில் வைத்த அந்தப் பெட்டி, கறியைப் புகையிலேயே மெல்ல வேகவைப்பது; திறந்தால் சூடு போய்விடும். பன்றி விலா பஞ்சாக வேகாது, செம்பு நிறமும் ஏறாது. அவருக்கோ கை பரபரத்தது. உட்கார்ந்தார், எழுந்தார், புல் தேய்ந்து தரை தெரியும்வரை பெட்டியையே சுற்றிச் சுற்றி வந்தார்.

நேரம் முடிந்ததும், விருந்துக்கு வந்த சம்பந்தி முன்னால் மார்தட்டியபடி மூடியைத் தூக்கினார். உள்ளே புகை மட்டும்தான் இருந்தது.

மனைவி ஃப்ரிட்ஜிலிருந்து, அவரே மசாலா தடவி வைத்த பச்சைக் கறியைத் தட்டோடு கொண்டுவந்தாள்.

“ஒத்துக்கறேங்க. நீங்க ஒரு தடவகூடத் திறந்து பாக்கல.”