பதினோரு விநாடிப் புள்ளி

கச்சேரி முடிந்து அரங்கம் காலியாகிக்கொண்டிருந்தது. மேடையில் இருந்த பெரிய தொடுதிரையில் என் ஒலிகள் இன்னும் மிதந்தன. இருபது வருடமாக நான் பதிவு செய்தவை, ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. ஒன்று போலக் கேட்பவை பக்கம் பக்கமாக நிற்கும், விரலால் தொட்டால் ஒலிக்கும். தொட்டுத் தாவி வாசிப்பதுதான் என் தொழில்.

மனைவி ஷர்மிளா மேடையேறி வந்து ஒரு சிவப்புப் புள்ளியைக் காட்டினாள்.

"கடைசியா வாசிச்சீங்களே, இது நம்ம பொண்ணு இயலோட குரல்தானே? கதவுல விரல் நசுங்கின அன்னிக்குக் கத்தினது."

"ஆமா. பால்கனில மழையைப் பதிவு பண்ணிட்டிருந்தேன். அவ சத்தமும் தானா அதுல பதிவாயிருச்சு. கேட்டதும் அவகிட்ட ஓடிட்டேன்னு அன்னிக்கே சொன்னேனே."

"பக்கத்துல இருக்கிற அழுகையெல்லாம் சின்னதா இருக்கு. இது மட்டும் ஏன் இவ்வளவு பெரிசு?"

"நீளமான சத்தம்னா புள்ளி பெரிசா இருக்கும்" என்றேன், யோசிக்காமல்.

அவள் புள்ளியைத் தொட்டாள். முதலில் மழை. பிறகு எங்கள் மகளின் அலறல். மழை மெல்லத் தேய்ந்தது, அலறல் நெருங்கியது. மைக்கை நான் உள்பக்கம் திருப்பிய இடம் அது. "அப்பா, அப்பா" என்று பதினோரு விநாடி. அதில் என் காலடிச் சத்தம் எங்குமே இல்லை.

"பால்கனியிலேருந்து நாலு எட்டு வச்சா அந்தக் கதவு" என்றாள் ஷர்மிளா.

கீழே முதல் வரிசையில், நகம் இன்னும் முளைக்காத விரலோடு, இயல் எனக்காகக் கைதட்டிக்கொண்டிருந்தாள்.