பூமராங் போட்ட கையெழுத்து

"சார், இந்தத் தடவையாவது திருப்பி அனுப்பிடாதீங்க சார்!"

கவுண்டர் கண்ணாடியின் ஓட்டையில் வாயை வைத்துக் கெஞ்சினான் மாப்பிள்ளை. ஹால் முழுக்கக் கேட்டது.

ஏற்றுமதி லைசென்ஸ் கொடுக்கும் அலுவலகத்தில் இப்படிக் கெஞ்சுவது புதிதல்ல. உள்ளே இருந்தவர் அசையவில்லை. அவருக்கு அங்கே பூமராங் என்று பெயர். அவரிடம் போகும் ஃபைல் எறிந்தவன் கைக்கே திரும்பி வந்துவிடும்.

அவர் மேசையில் இரண்டு முத்திரைகள். 'நிராகரிக்கப்பட்டது' என்ற சிவப்பு முத்திரையின் பிடி தேய்ந்து வழவழவென்று இருந்தது. 'அனுமதிக்கப்பட்டது' என்ற பச்சை முத்திரை வாங்கி வைத்தபடியே இருந்தது.

மாப்பிள்ளைக்குப் பின்னால் பெஞ்சில் மாமனார். டோக்கன் வரும்வரை அவர் விட்ட குறட்டையில் பக்கத்தில் இருந்தவர்கள் இடம் மாறிப் போயிருந்தார்கள். இப்போது விழித்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தார்.

"கூன் போடாதீங்க மாப்ள. நிமிர்ந்து நில்லுங்க."

நிமிர்ந்தான்.

"கைய ஆட்டி ஆட்டிப் பேசாதீங்க."

கையைக் கட்டிக்கொண்டான்.

"நான் அப்பவே சொன்னேன். பக்கத்துக் கவுண்டர்ல அந்தம்மா சும்மாதான் உக்காந்திருக்காங்க. அங்க போயிருக்கலாம்ல?"

"இவர்தான் மாமா ரொம்பக் கரெக்டா பார்ப்பாரு."

பக்கத்துக் கவுண்டர் அம்மா தன் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். மாமனார் பட்டறையில் செய்த மெஷின் மூக்குக்கண்ணாடிக்கு ஃபிரேம் வெட்டும். மனசு வைத்தால் துப்பாக்கிக்கு உதிரிபாகமும் வெட்டும். அதனால் வெளிநாட்டுக்கு அனுப்ப அரசு லைசென்ஸ் வேண்டும். யார் வாங்குகிறார், எதற்கு வாங்குகிறார் என்பதற்கெல்லாம் காகிதம் வேண்டும். காகித வேலை மாப்பிள்ளையின் பொறுப்பு.

பூமராங் ஃபைலைப் புரட்டினார்.

"முதல் தடவ, எதுக்கு யூஸ் பண்றாங்கன்னே எழுதல. அத எழுதிட்டு வந்தீங்க, இன்வாய்ஸ்ல ஒரு எடை, பேக்கிங் லிஸ்ட்ல வேற எடை. இன்னிக்கு எடை சரியா இருக்கு, வாங்கறவரோட உறுதிக் கடிதத்துல கையெழுத்தக் காணோம். ஒண்ண சரி பண்ணா இன்னொண்ணு முளைக்குதே, எப்படிங்க?"

"அவசரத்துல சார்..."

"எம்.காம்.னு சொல்லித்தான் சார் எங்க பொண்ணக் கேட்டாங்க," என்றார் மாமனார் பெஞ்சிலிருந்து.

பூமராங்கின் கை சிவப்பு முத்திரைக்குப் போனது. மாப்பிள்ளையின் கண்ணும் கூடவே போனது.

"நாளன்னிக்குக் கப்பல் கிளம்பிடும் சார். இன்னிக்கு லைசென்ஸ் இல்லன்னா ஆர்டரே கேன்சல். அப்புறம் மெஷின உள்ளூர்லதான் விக்கணும். அதே விலைக்கு ஒருத்தர் கேக்கறாரு..."

"உள்ளூர்ல விக்கவா இவ்வளவு பாடுபட்டேன்?" மாமனார் எழுந்தே வந்துவிட்டார். "மெஷினோட நாங்க ரெண்டு பேரும் போறோம் சார். ஃபிட் பண்ணிக் கொடுத்து, மூணு வருஷம் அங்கயே இருந்து பாத்துக்கணும். தங்க ரூம் கொடுக்கறாங்க."

"தனித்தனியாவா?"

"எதுக்கு? ஒரே ரூம். பொண்ணு இங்க அவ அம்மாவோட இருந்துக்குவா. அங்க எனக்கு மாப்ள, மாப்ளைக்கு நான். காலையில நாலரைக்கெல்லாம் எழுப்பி வாக்கிங் கூட்டிட்டுப் போயிடுவேன்."

மாப்பிள்ளையின் கண்கள் கலங்கின.

"மூணு வருஷம் சார்," என்றான். "என் வாழ்க்கையே இப்ப உங்க கையிலதான் இருக்கு."

பூமராங் முத்திரையைக் கீழே வைத்தார். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த முகத்தில் ஏதோ இளகியது.

"எனக்கும் ஒரு மாப்பிள்ள இருக்காரு," என்றார். "நான் லிஃப்ட்ல ஏறினா அவர் படியில போவாரு. வீடு ஏழாவது மாடி."

மாமனார் உச்சுக்கொட்டினார்.

"மாமனாரோட ஒரே ரூம்ல இருக்கறதுக்காக அழற மாப்பிள்ளைய நான் இன்னிக்குத்தான் பார்க்கறேன். அப்படி உக்காருங்க ரெண்டு பேரும்."

"சார், ரூல்ஸ்னு ஒண்ணு இருக்கு," என்றான் மாப்பிள்ளை அவசரமாக. "எங்களுக்காக நீங்க போய்..."

"ரூல்ஸ யார் மீறினது? கையெழுத்துதானே இல்ல? வாங்கிட்டாப் போச்சு."

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல்முறையாக, ஒரு ஃபைலுக்காக பூமராங் போனை எடுத்தார். வெளிநாட்டுக்காரரிடம் அவரே பேசினார். கொஞ்ச நேரத்தில் கையெழுத்துப் போட்ட கடிதம் மெயிலில் வந்து விழுந்தது. அச்செடுத்து ஃபைலில் சேர்த்தார்.

பச்சை முத்திரையின் மை காய்ந்து போயிருந்தது. பக்கத்துக் கவுண்டர் அம்மாவிடம் கை நீட்டினார். அந்தம்மா நகத்தை மறந்துவிட்டு, வாயைப் பிளந்தபடி தன் மைப்பெட்டியைக் கொடுத்தார்.

முத்திரை விழுந்தது. கீழே கையெழுத்தும் விழுந்தது.

"நீங்க நல்லா இருக்கணும் சார்!" மாமனார் கும்பிட்டார். "இருங்க, ஸ்வீட் வாங்கிட்டு வந்துடறேன். மாப்ள, நிமிர்ந்து நில்லுங்க!" வாசலைப் பார்த்து ஓடினார்.

பூமராங் சிரித்தார். அவருக்குப் பல் வரிசை நன்றாகவே இருந்தது. லைசென்ஸை ஓட்டை வழியாக நீட்டினார்.

"பிடிங்க. மாமாவ நல்லா பாத்துக்குங்க."

மாமனார் போன வாசல் கதவு சாத்திக்கொள்ளும்வரை மாப்பிள்ளை அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ஓட்டையில் வாயை வைத்தான். இந்த முறை ஹாலில் யாருக்கும் கேட்கவில்லை.

"அந்தம்மாகிட்ட போனா உடனே கொடுத்துடுவாங்கன்னுதானே சார், உங்கள நம்பி வந்தேன்!"