ஒன்பதாவது விளம்பரம்

"'எழுதத் துணிந்தமைக்கு வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்'னு ஆரம்பிச்சிருக்கீங்களே, டீச்சர். விளம்பரத்துல யாரும் மன்னிப்புக் கேக்க மாட்டாங்க."

"பழக்கமில்ல, தம்பி. பத்திரிகைக்கு எழுதுறது இதுதான் முதல் தடவை. அது இருக்கட்டுமே."

மண்டலேயில் நாளிதழ் விளம்பரங்களைப் பெற்று அனுப்பும் தெய்ன் லின் சிரித்துக்கொண்டான். ஓய்வுபெற்ற ஆசிரியை டாவ் மியா நுவே அன்றைக்கு ஒன்பதாவது ஆள். ராணுவம் ஆட்சியைப் பறித்த நாள்முதல், எதிர்த்துப் போராடும் பிள்ளைகளின் வீடுகளுக்குச் சீல் வைத்தார்கள். அதற்கு அஞ்சிய பெற்றோர், 'இவன் இனி எங்கள் பிள்ளை அல்லன்' என்று அறிவித்து வந்தார்கள்.

அவன் உரக்கப் படித்தான். "'பெற்றவள் சொல் கேளாமல் மனம் புண்படச் செய்ததால், என் மகன் யெ லின்னுக்கும் எனக்கும் இன்றுமுதல் எவ்வித உறவும் இல்லை.' எல்லாரும் இதேதான் எழுதுறாங்க. அச்சகத்துலகூட யாரும் படிக்கிறதில்ல, முத்திரை இருந்தாப் போதும். மனசுல ஒண்ணு, தாள்ல ஒண்ணு."

"நான் மனசுல இருக்கிறதைத்தான் எழுதியிருக்கேன்."

அவனுக்குச் சுருக்கென்றது. "அவ்வளவு பெரிய வீடா, டீச்சர்?"

"சின்ன வீடுதான். போன மாசம் ஊர்வலத்துல சுட்டாங்களே, அதுல எங்கிட்டப் படிச்ச ரெண்டு பேர் போயிட்டாங்க."

"உங்க மகனும் அங்க இருந்தாரா?"

"இருந்தான். ஒரு கீறல்கூட இல்ல."

"தப்பிச்ச பிள்ளையைப் போய் வேண்டாங்கிறீங்க. சரி, உங்க இஷ்டம். இனி வீட்டுப் பக்கம் யாரும் வரமாட்டாங்க." முத்திரையை எடுத்தான்.

"கொஞ்சம் பொறுங்க, தம்பி. மகனோட தொழில்னு ஒரு கட்டம் இருக்கே."

"அதை யாரும் நிரப்புறதில்ல."

அவர் பேனாவை வாங்கி, கரும்பலகையில் எழுதுவதுபோல் தெளிவாக நிரப்பினார். "இதைப் போட்டா உங்களுக்கும் ஆபத்து. வேண்டாம்னா இப்பவே கிழிச்சுடுங்க. நான் தப்பா நினைக்க மாட்டேன்."

தெய்ன் லின் படித்தான். எழுந்து நின்றான். நின்றபடியே முத்திரையைக் குத்தினான்.

அந்தக் கட்டத்தில் இருந்தது: 'ராணுவ கேப்டன். ஊர்வலத்தைச் சுட உத்தரவிட்டவர்.'

விளம்பரம் வெளிவந்த வாரத்தில் டீச்சருக்கு வீடும் ஓய்வூதியமும் போயின. தெய்ன் லின்னுக்கு வேலை போயிற்று. மகன் அதற்கு முன்பே போயிருந்தான்.