முந்தாநாள் பதிப்பு

பக்கத்தில் வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு கம்ப்யூட்டர் ஆபீஸ் கதை சொல்கிறேன்.

ஆஸ்பத்திரிகளுக்கு மருந்தளவு சொல்லும் மென்பொருளில், குழந்தைகளுக்கான அளவை ஒருவன் நேற்று தப்பாகப் போட்டுவிட்டான். யார் கண்ணிலும் படுமுன் மறைக்க நினைத்து, இன்று காலையில் முதல் ஆளாக வந்தான். கம்ப்யூட்டர் சேர்த்து வைத்திருந்த முந்தாநாள் பதிப்பையே திருப்பிப் போட்டான். தப்பு மறைந்தது. பக்கத்து நாற்காலி அக்கா நேற்று செய்த வேலையும் அதோடு போனது, அப்புறம்தான் தெரிந்தது.

"நேத்து சாயங்காலம் பூரா உட்கார்ந்திருந்தியே, ஒரு வரிகூட இல்லையேம்மா?" மேலாளர் எகிறினார். "அப்படி என்னதான் செஞ்சே?"

அக்கா அவனை ஒரு பார்வை பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொல்ல முடியலன்னா வேற வேலை தேடிக்கோ!"

அவன் சட்டென்று எழுந்தான். "சார், அழிச்சது நான்தான். என் தப்பை மறைக்கப் பழசைத் திருப்பிப் போட்டேன்."

மேலாளர் இருவரையும் வெளியே அனுப்பினார்.

வெளியே வந்ததும் அவன் கேட்டான். "ஏன்க்கா வாயே திறக்கல? அப்படி என்ன எழுதியிருந்தீங்க?"

"உன் தப்பைத்தான்டா திருத்தி வெச்சிருந்தேன். சொன்னா உன்னைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆயிடுமே!"

அவன் கூனிக் குறுகிப்போனான்.

உங்கள் வீட்டில் திருத்தும் கையே ஓங்கட்டும் கண்ணுகளா, வீடு நிறைந்து வாழுங்கள்.