கிருஷ்ணஸ்வாமியின் விரல்

ஔந்த் சாலை வேலைக்கான சோதனைக்கூடத்தில் தெர்மாமீட்டர் உடைந்து எட்டு மாதம் ஆகிறது. யாரும் புதிதாக வாங்கவில்லை. கிருஷ்ணஸ்வாமியின் விரல் இருந்தது.

இருபத்தாறு வருடமாகத் தார் சோதிப்பவர். தண்ணீரில் விரலை விட்டே எத்தனை டிகிரி என்று சொல்லிவிடுவார் என்று பேர்.

“அங்கிள், தார் லாரி வெயிட்டிங். சீக்கிரம் பாருங்க,” என்றான் இன்ஜினியர் அபினவ்.

கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் சூடேறியது. உள்ளே ஒரு வளையத்தில் தார், அதன் மேல் ஓர் இரும்புக் குண்டு. தார் இளகி, குண்டு கீழே உள்ள தட்டைத் தொடும்போது தண்ணீர் என்ன சூடோ அதுதான் கணக்கு. நாற்பத்தேழுக்குக் குறைந்தால் அந்தத் தார் சாலைக்கு ஆகாது. லாரி திரும்பிப் போக வேண்டும்.

குண்டு தட்டைத் தொடும்வரை அவர் விரலை எடுக்கவில்லை. முகமும் சுளிக்கவில்லை.

“நாற்பத்தொன்பது.”

“சூப்பர் அங்கிள்! எப்படித்தான் தாங்கறீங்களோ!”

“பழக்கம்தான்பா.”

அபினவ் எழுதிக் கையெழுத்துப் போட்டான். லாரி கிளம்பியது.

சாயங்காலம், கட்கியில் இருக்கும் வீட்டில் காபியைக் கொடுக்க வந்த மனைவி ருக்மிணி அவர் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

“மறுபடி கொப்பளிச்சிருக்கு. எரியவே இல்லையா?”

“இல்லை.”

“சர்க்கரையில விரல் மரத்துப்போய் மூணு வருஷமாச்சு. ஆபீஸ்ல சொன்னீங்களா?”

“சொன்னா வேலை இருக்காது.”

“பின்னே தினமும் விரலை விட்டுட்டு என்னதான் சொல்றீங்க?”

அவர் காபியை ஆற்றினார்.

“நாற்பத்தொன்பது.”