பத்தடி மெஷினும் மூணடிக் கதவும்

"பத்தடி மெஷின்தான் மாமா. இதுல ரெண்டாவது பேச்சே கிடையாது."

மச்சினன், பத்தடி அகலத் துணியில் அடிக்கிற பிரிண்டரின் படம் போட்ட தாளை மேஜைமேல் தட்டினான். விளம்பரப் பலகையும் கேன்வாஸ் படமும் அடிக்கிற அந்தச் சின்னக் கடையில் அவன் புதிதாகப் பங்குதாரனாகச் சேர்ந்திருந்தான். உள்ளே நுழைந்ததுமே எல்லாவற்றையும் பெரிதாக்கிவிட வேண்டும் என்ற துடிப்பு அவனுக்கு.

கடையில் இருந்த பழைய பிரிண்டர் இழுத்துக்கொண்டு கிடந்தது. கடைத் திறப்புக்கு ஒரு பேனர் கேட்டால், அது அடித்து முடிப்பதற்குள் அந்தக் கடையையே மூடிவிடுவார்கள். மிகையில்லை, ஒருவர் மூடியேவிட்டார்.

"அஞ்சடி போதும் மாப்ளே" என்றார் கடைக்காரர்.

"எதுக்குப் போதும்?"

"கேன்வாஸ் படத்துக்கு. அஞ்சடியைவிடப் பெரிசா எவன் தன் மூஞ்சியைச் சுவத்துல மாட்டுவான்? மாட்டினாலும் பொண்டாட்டி விடுவாளா? அதோட, இதுல கலர் அவ்வளவு சுத்தமா விழுது."

"மேடைக்குப் பின்னாடி கட்டுற பெரிய துணி ஆர்டர் வந்தா?"

"ரெண்டு துண்டா அடிச்சு ஒட்டுப் போட்டுக்குவோம். ஊசியம்மா இருக்காங்களே."

ஊசியம்மா உள்ளறையில்தான் தைத்துக்கொண்டிருந்தார். இரண்டு துண்டாக அடித்த படத்தை ஒரே படமாக்குவது அவர் வேலை. ஒட்டு எங்கே என்று தேடிப் பார்த்துத் தோற்றுப்போன ஒரு வாடிக்கையாளர், நேராகக் கண் டாக்டரிடம் போனதாகப் பேச்சு.

"பத்தடி வந்துட்டா ஒட்டே கிடையாது மாமா. அந்தம்மாவை வீட்டுக்கு அனுப்பிடலாம்."

உள்ளே தையல் மெஷின் சத்தம் நின்றது.

அந்தச் சத்தத்தில்தான் ஊசியம்மா வீட்டில் அடுப்பு எரிந்தது. அவர் வயதுக்கு வேறு எந்தக் கடையும் ஸ்டூல் போட்டு உட்காரவைக்காது.

கடைக்காரரின் மனைவி தம்பி பக்கம் சாய்ந்துவிட்டாள்.

"அவன் சொல்றதுல என்ன தப்பு? நீங்க எப்பவும் சின்னதாவே யோசிக்கிறவர். நம்ம கல்யாணப் பத்திரிகையையே விசிட்டிங் கார்டு சைஸ்லதானே அடிச்சீங்க!"

"அதனாலதான் எல்லாரும் பர்ஸ்ல பத்திரமா வச்சிருந்தாங்க."

"போதும் உங்க கதை. டேய் தம்பி, டேப்பை எடு. உள்ளறையை அள. பத்தடியே வாங்கிடலாம்."

பிரிண்டரை உள்ளறையில்தான் வைக்க முடியும். முன்பக்கம் வைத்தால் தெருத் தூசியைத் தின்றே படுத்துவிடும். உள்ளறைக்கு வழி ஒன்றே ஒன்று, நடுவில் இருந்த கதவு. அந்தப் பக்கம் சுவர், மரம் எல்லாவற்றுக்கும் ஒரே சாம்பல் பெயிண்ட். கதவை ஒட்டிக் கேன்வாஸ் சுருள்களை ஆளுயரத்துக்குச் சாத்தி வைத்திருந்தார்கள். அதற்கு மேலே ஒரு காலண்டர் தொங்கியது.

மச்சினன் டேப்பை இழுத்தான்.

"மூணடி."

"மெஷின் எவ்வளவு?" என்று அப்பாவியாகக் கேட்டார் கடைக்காரர்.

தாளைப் பார்த்தவனின் முகம் தொங்கிப்போனது. "நீளவாக்குல நுழைச்சாலும் உடம்பு நாலடி வருது மாமா. இடிக்கும்."

"அடடா. அஞ்சடி மெஷின்?"

"அது ரெண்டரைதான். தாராளமாப் போகும்."

கடைக்காரர் பெருமூச்சு விட்டார். நன்றாகவே விட்டார், நாடகத்தில் நடிப்பவர் மாதிரி.

"சுவரைக் கொஞ்சம் இடிச்சிட்டா?"

"வாடகை இடம்டா. ஓனர் ஒரு ஆணிகூட அடிக்க விடமாட்டார். நான் ஒரு தடவை சுத்தியலைக் கையில எடுத்தேன். அங்க அவர் வீட்டுல, சாப்பிட்டுக்கிட்டு இருந்த மனுஷன் 'ஐயோ'ன்னு நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டாராம்."

"ஆணி அடிக்கலைன்னா அந்தக் காலண்டர் எதுல தொங்குது? அதுவும் போன வருஷத்தது."

கடைக்காரரும் அப்போதுதான் அந்தக் காலண்டரைப் பார்த்தார். பதில் சொல்ல வாயெடுத்தவருக்கு, வழக்கமாக ஓடிவரும் பொய் வரவில்லை.

மனைவி முந்திக்கொண்டாள். "அளக்க வந்தவன் கதவை அளடா. நாள் பார்க்கவா வந்தே?"

மச்சினன் டேப்பைச் சுருட்டினான். அஞ்சடிக்கே சொல்லிவிட்டார்கள்.

மெஷின் வந்தது, கதவில் உரசாமல் உள்ளே போனது. முதல் படத்தைப் பார்த்த மச்சினன், "கலர் அள்ளுது மாமா! நீங்க சொன்னது சரிதான்" என்று கைகொடுத்துவிட்டு, அடுத்த ஆர்டர் பிடிக்கக் கிளம்பினான்.

உள்ளறையில் ஊசியம்மாவின் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

கடைக்காரர் சீட்டியடித்துக்கொண்டே, கதவோரம் சாத்தியிருந்த சுருள்களில் ஒன்றை எடுக்கக் கை நீட்டினார்.

"அதை எடுக்காதீங்க" என்றாள் மனைவி.

"ஏன்?"

"எடுத்தா, கதவோட இன்னொரு பாதி தெரியும்."

கடைக்காரரின் சீட்டி பாதியில் நின்றது.

"உனக்கு... எப்படித் தெரியும்?"

"மறைக்கிறவர் முழுசா மறைக்கணும். சுருளைச் சாத்தினீங்க சரி, மேல் தாழ்ப்பாள் பளபளன்னு வெளிய நீட்டிக்கிட்டு நின்னுது. வீடெல்லாம் தேடி, பழைய காலண்டரைக் கொண்டுவந்து அதுல மாட்டுறதுக்குள்ள எனக்கு உயிர் போயிடுச்சு."